நூற்றிலேயே நின்ற பெட்டி

உப்பு வாங்கப் போனவன் பார்க் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உள்ளே பெஞ்சில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வரேன் மாப்பிள்ளை" என்று எங்கள் வீட்டிலிருந்து அவர் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகிறது. இந்நேரம் தன் வீட்டில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருக்க வேண்டும்.

பக்கத்தில் அவருடைய எலக்ட்ரிக் பைக். பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிய பவர் ஸ்டேஷன் பெட்டி, போகிற இடத்தில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் பெரிய பேட்டரி.

அந்தப் பெட்டி என் உபயம்.

அவர் வீடு நாற்பது கிலோமீட்டர். வண்டி ஒரு சார்ஜில் எழுபத்தைந்துதான் ஓடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்ததும் எங்கள் பிளக்கில் சொருகிவிடுவார். திரும்பிப் போக அரை மணி நேரம் ஏற்றினாலே போதும். "ஃபுல்லாகட்டும் மாப்பிள்ளை" என்பார். அதற்கு நாலு மணி நேரம். அதற்குள் ஒழுகும் குழாயைச் சரி செய்வார், மகளோடு ஓயாமல் வாயடிப்பார். மாமியார் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரிப்பதே அந்த நாலு மணி நேரத்தில்தான்.

என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. பாவம் மனுஷன், காத்துக் கிடக்கிறாரே என்று பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். வழியில் ஒரு நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் ஏற்றிக்கொண்டால் வீடு போய்ச் சேரலாம். கணக்கில் நான் புலி.

"ரொம்ப சௌகரியம்" என்று சிரித்தார். இது நாலாவது ஞாயிறு. சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடுகிறார். மனைவி கேட் வரை போய்விட்டு, தனியாக மாடியேறி வருகிறாள்.

பெட்டிதான் மக்கர் பண்ணிவிட்டதோ என்று பதறி ஓடினேன். அதன் திரையில் நூறு என்று இருந்தது. வயரில் நான் போட்டுக் கொடுத்த ரப்பர் பேண்டைக்கூட அவர் கழற்றவில்லை.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கிளைகளுக்கு நடுவே எங்கள் பால்கனி தெரிந்தது. மனைவி கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"மாமா, இந்தப் பெட்டிய நம்ப முடியாது. வாங்க, வீட்லயே சொருகிடலாம்."

திடுக்கிட்டு எழுந்தார். அந்த நூற்றை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"ஆமா மாப்பிள்ளை. வாங்கின நாள்லேர்ந்தே அது சரியில்ல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தெருமுனைக்கு வந்த பிறகுதான் உப்பு நினைவுக்கு வந்தது. வீட்டில் பொட்டு உப்பில்லை, பார்க் வழியாகவே போங்கள், அதுதான் குறுக்குவழி என்று மனைவி என்னை விரட்டியிருந்தாள்.

பார்க் வழி சுற்றுவழி. அதுகூட எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பால்கனிக் கொடி காலியாக இருந்தது. எங்கள் எக்ஸ்டென்ஷன் வயர் பால்கனியிலிருந்து இறங்கி, மாமனார் வழக்கமாக வண்டி நிறுத்தும் இடம் வரை நீண்டிருந்தது.