தேயாத பேட்டரி

தென்கொரியாவின் தேஜான் ஆய்வுக்கூடத்தில் மத்தியானம் ஃபோன் அடித்ததும், எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார் இயக்குநர் பாங்.

“மங்கோலியாவிலிருந்து பியோ பேசறேன் சார். இந்தக் குளிர்லயும் நம்ம சோதனை பேட்டரியோட கொள்ளளவு தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே இறங்கல.”

அறையே கைதட்டியது. பேட்டரியின் நேர்மின்முனை உதிர்ந்துபோகாமல் காக்கும் பாலிமர் பூச்சு யூன்-சோல் கண்டுபிடித்தது. அவள் முகம் மட்டும் மலரவில்லை.

“ஜெயிச்சவ மூஞ்சியாம்மா இது?” என்றார் பாங்.

“எண்பதுக்கு எப்ப சார் இறங்கும்?”

“உன் பூச்சு மேல உனக்கே நம்பிக்கையில்லையா? இந்த வருஷம் இறங்காது. வாங்கப்பா, இன்னிக்குச் சாப்பாடு என் செலவு. நீ பேசிட்டு வாம்மா.”

எல்லாரும் போனதும் யூன்-சோல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஏங்க, சாப்பிட்டீங்களா?”

“இங்க என்ன, ஆட்டுக்கறிதான். உன் கிம்ச்சி கனவுல வருது.”

“எண்பதுக்கு இறங்கினாத்தான் உங்களை வீட்டுக்கு அனுப்புவாங்களா?”

“ஒப்பந்தம் அப்படித்தானே, அதுவரைக்கும் நான் இங்க சோதனை நடத்தணும். பொண்டாட்டி கொஞ்சம் மட்டமா வேலை செஞ்சிருந்தா புருஷன் எப்பவோ வந்திருப்பான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒரு தடவை அளவுக்கு மேல சார்ஜ் ஏத்திடுங்க. தானே கெட்டுப்போகும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

பியோ குரலைத் தாழ்த்தினான்.

“நேத்தே அந்த சுவிட்சுல கை வச்சேன். உள்ள இருக்கறது நீ செஞ்சதாச்சே. மனசு வரலடி.”

ஃபோனை வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.