மீன் அறை

"சாவு வீட்டுக்கு அப்புறம் போகலாம். மொதல்ல மிஷினைப் பாருடா!"

மேலே நின்று கத்தினார் படகு முதலாளி கண்ணுசாமி. படகின் அடித்தட்டில் மிஷினோடு மல்லாடிய இருளாண்டி பல்லைக் கடித்துக்கொண்டான்.

கோட்டைப்பட்டினம் கரையில் மீனைக் குளிரவைக்கும் மிஷின் அந்த ஒரு படகில்தான் உண்டு. சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட படகு. காலையில் காஸ் ஒழுகி மிஷின் நின்றது. அதே காலையில்தான், கூடவே வலை இழுத்த கூட்டாளி முனியசாமியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்; எழுந்திருக்கவே இல்லை.

சித்திரை வெயில். விராலிமலையிலிருக்கும் மகள் வராவிட்டாலும், உடல் தாங்காதென்று பொழுது சாய்வதற்குள் முனியசாமியை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும். இருளாண்டிக்கு வேறொன்றும் வேண்டாம்.

காஸ் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாயோடு கொண்டுபோனான். ஒரு மூட்டுப் பக்கம் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. அங்கேதான் ஒழுக்கு.

காஸ் நெடி கண்ணைக் கரித்தது. நல்லதாகப் போயிற்று. அழுதாலும் ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சாவு வீட்டிலிருந்து ஓடிவந்த ஐயனார் கரையில் நின்று குரல் கொடுத்தான்.

"இருளாண்டிண்ணே, பாடை கட்டியாச்சு! வாரீங்களா இல்லியா?"

"அவன் இப்ப வரமாட்டான்!" என்றார் முதலாளி.

"மீனுக்கு இருக்கிற மருவாதி மனுசனுக்கு இல்ல!"

ஐயனார் உரக்கவே சொன்னான்.

இருளாண்டி வாஷரை மாற்றி நட்டை இறுக்கினான். சிலிண்டரிலிருந்து காஸை ஏற்ற ஆரம்பித்தான்.

"இன்னும் எம்புட்டு நேரம்டா?"

"அவசரப்பட்டா மிஷின் ஒடைஞ்சிரும் மொதலாளி. கொஞ்சங்கொஞ்சமாத்தான் விடணும்."

ஒருவழியாகக் குழாய்மேல் வெண்பனி படர்ந்தது.

"குளுந்திருச்சு. ஒங்க மீனு பொழைச்சுக்கிரும். நான் போகலாமா?"

முதலாளி இறங்கி வந்து குழாயைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

"மீனையெல்லாம் அள்ளிக் கடல்ல கொட்டு. மீன் அறையைச் சுத்தமாக் கழுவி விடு."

"மொதலாளி?"

"மிஷினு ஓடுமோ ஓடாதோ, தெரியாம எப்படிடா வாக்குக் குடுப்பேன்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். கரைப்பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏ ஐயனாரு! முனியசாமி பொஞ்சாதிகிட்ட ஓடிப்போய்ச் சொல்லு, இன்னிக்கு எடுக்க வேணாம்! விராலிமலையிலேருந்து மக வந்து அப்பன் மொகத்தைப் பாக்குற வரைக்கும் முனியசாமி இங்கன, என் படகுல இருக்கட்டும்!"