யாரு பேசினது?

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

மணி மூன்றே கால். தலைமையாசிரியை சொன்ன நேரம் மூன்று.

சேலைத் தலைப்பு கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். டர்ரென்றது. கிழியட்டும்.

காவிரிப் பாலத்தில் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி, பாலம் முழுக்க ஓடி வந்திருக்கிறாள். நாற்பத்தாறு வயதில் ஓடுகிற ஓட்டமா அது?

மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு 'பி'. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். 'தலை நிமிர்' வகுப்பு.

பெயர் வைத்தது அவள் வேலை பார்க்கும் அறக்கட்டளை. நடத்துவது அவள். பெண் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, நாலு பேர் முன்னால் எழுந்து பேசுகிற துணிச்சல்.

பதினோரு வாரம் ஆயிற்று.

முதல் இரண்டு வாரம் கொஞ்சம் சலசலப்பு இருந்தது. அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. பெயரைச் சொல்லச் சொன்னால்கூட டெஸ்க்கைப் பார்த்து முனகினார்கள். அவளும் 'கண்ணு', 'சாமி' என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டினாள்.

போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"அடுத்த வெள்ளி நானே வந்து புள்ளைங்ககிட்டக் கேக்கறனுங்க. இந்த வகுப்பு வேணும்னு ஒரே ஒரு புள்ள எந்திரிச்சுச் சொல்லட்டும், இருந்துட்டுப் போகுது. இல்லீனா அந்தப் பீரியடை மேக்ஸ் மிஸ்ஸுக்குக் குடுத்துருவேன்."

ஒரே ஒரு பிள்ளை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் மறுத்துவிட்டது. சுவரில் சாய்ந்தாள்.

போனால் போகட்டுமே என்று தோன்றியது.

வாரத்துக்கு ஏழு பள்ளிக்கூடம். ஏழு இடத்திலும் அதே சிரிப்பு, அதே 'உன்னால் முடியும்'. ஊருக்கெல்லாம் தைரியம் கொடுத்துக் கொடுத்து அவளிடம் சரக்குத் தீர்ந்துபோயிருந்தது. இங்கே ஒரு குரலும் எழாவிட்டால், வெள்ளிக்கிழமையாவது கொஞ்சம் உட்காரலாம்.

மேலே செருப்புச் சத்தம். தலைமையாசிரியை இறங்கி வந்தார்.

"வாங்க வாங்க. தன்னம்பிக்கையே கால் மணி நேரம் லேட்டுங்களா?"

"மேடம், பாலத்துல ஒரு லாரி..."

"கேட்டாச்சுங்க. மூணு தடவ கேட்டேன். ஒரு புள்ள அசையல. கல்லாட்டம் உக்காந்திருந்துச்சுங்க."

அவளுக்குள் ஏதோ தளர்ந்தது. வருத்தமா, நிம்மதியா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"சரி, பொறப்படலாம்னு வாசலுக்கு வந்துட்டேன். பொறகால, 'வேணுங்க மேடம்'னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா ஒரு புள்ள எந்திரிச்சு நிக்குது. காலு ரெண்டும் நடுங்குது. ஆனா உக்காரல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பேரு கேக்கறதுக்குள்ள ஆபீஸ்ல கூப்பிட்டுட்டாங்க. அடுத்த வாரமாவது நேரத்துக்கு வாங்க."

போய்விட்டார்.

மீதிப் படிகளை ஒவ்வொன்றாக ஏறினாள்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். மின்விசிறி மட்டும் கறகறவென்று பேசிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்றபடியே கேட்டாள். மூச்சு வாங்கியது. சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

"யாரு பேசினது?"

நாற்பத்திரண்டு தலைகளும் கவிழ்ந்தன.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்பது அவளுக்கு ஒரு நொடி தாமதமாக உறைத்தது.

முதல் பெஞ்ச் ஓரத்திலிருந்து கிளாஸ் லீடர் எழுந்தாள். ஒல்லியான பெண். டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவள் வெறும் 'லீடர்'தான். வகுப்பு நடக்கும்போதெல்லாம் குனிந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பாள். ஒருத்தியாவது குறிப்பெடுக்கிறாளே என்று இவள் மனதைத் தேற்றிக்கொண்டதுண்டு.

அந்த நோட்டை லீடர் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்ன கண்ணு இது?"

"பேசறவங்க லிஸ்ட்டுங்க மிஸ். நீங்க போனதுக்கப்புறம் மேக்ஸ் மிஸ்கிட்டக் குடுக்கணுமுங்க. இதுல பேரு இருந்தா திங்கக்கெழம வெளிய முட்டி போடணும்."

"என்னோட வகுப்புலயுமா?"

"எல்லா வகுப்புலயுமுங்க மிஸ்."

நோட்டைத் திறந்தாள். வாரத்துக்கு ஒரு பக்கம். கோடு போட்டு, முத்து முத்தான கையெழுத்து.

முதல் வெள்ளி. பேசியவர்கள்: ஒன்பது பேர். சில பெயர்களுக்கு எதிரே பெருக்கல் குறி. அவர்கள் ரொம்பப் பேசியவர்கள்.

அடுத்த வெள்ளி, நான்கு பேர்.

அதற்கடுத்த வெள்ளி, ஒருத்தி.

அப்புறம் பக்கம் பக்கமாக ஒரே வரி. 'யாரும் இல்லை.'

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி. கீழே ஒரே ஒரு பெயர். எதிரே மூன்று பெருக்கல் குறிகள், அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி அழுத்தி.

பெயரை வாய்க்குள் படித்துப் பார்த்தாள். இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட அது அவள் காதில் விழுந்ததில்லை.

"யாரு சாமி இந்த மௌனிகா?"

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி நின்றிருந்தாள் லீடர்.

"நாந்தானுங்க மிஸ்."