பெயர்நாள் பரிசு

கிரேக்க நாட்டு வோலோஸ் நகரத்து மூன்றாம் மாடி வீட்டில் இன்று ஸ்தெர்யோஸின் பெயர்நாள், அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். அழைக்காமலே ஆட்கள் வந்து குவிகிறார்கள். மேசை மேலிருக்கும் சின்னக் கண்ணாடித் தொட்டியில் மஞ்சள் கடல்மீன் ஒன்று கண்ணாடியை ஒட்டியே மேலும் கீழுமாக அலைகிறது. மாலை வெயிலிலும் அதன் நிறம் வெளிறிக் கிடக்கிறது, செவுள் படபடக்கிறது. "பாரேன், என் பெயர்நாளுக்கு ஆட்டம் போடுது!" என்று ஸ்தெர்யோஸ் சிரிக்கிறான். "ஆட்டமில்லைங்க, அதுக்கு இடம் பத்தலை," என்கிறாள் மனைவி பகோனா. "நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிட்டியா?" அழைப்புமணி அடிக்கிறது. வாசலில் அவள் அண்ணன்; கையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு மஞ்சள் மீன். "தனியா தவிக்குதேன்னு ஜோடி வாங்கிட்டேன் மாப்ளே!" பெயர்நாள் பரிசைக் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்தாக வேண்டும். இந்த மீன் தன் இனத்தையே பக்கத்தில் விடாது என்று சொல்ல பகோனா வாய் திறப்பதற்குள் ஸ்தெர்யோஸ் பையை அவிழ்த்துத் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறான். அலைந்துகொண்டிருந்த மீன் சட்டென நிற்கிறது. அதன் வாலடியில் மடங்கிக் கிடந்த வெள்ளை முள் கத்திபோல விரிகிறது.