வெள்ளைப் பொத்தான்

அண்ணன் மெல்லும் சத்தம் தையல் மெஷின் சத்தத்தையும் தாண்டி வந்தது.

நறுக், நறுக்.

பாதாம், முந்திரி, பூசணி விதை, சூரியகாந்தி விதை எல்லாவற்றையும் அண்ணி வீட்டிலேயே பதமாக வறுத்து, உப்பும் மிளகுத்தூளும் பிரட்டி டப்பாவில் கொடுத்துவிடுவாள். அண்ணன் அதைக் கண்ணை மூடி ரசித்துத் தின்பான். கடை முழுக்க மணக்கும். எதிர் மெஷினில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானே, வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

எப்படிக் கேட்பான்? அப்பா போனதும் வெளிச்சம் விழும் வாசல் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டவன்தானே. அன்றோடு பேச்சு முறிந்தது. ஒரே கடைக்குள் அவன் கோட்டு தைப்பான், தம்பி சட்டை தைப்பான்.

இன்று அண்ணன் கை கழுவப் போன நேரத்தில், தம்பி ஒரு சின்ன வெள்ளைச் சட்டைப் பொத்தானை டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கி வைத்தான். அண்ணனுக்கு ஒரு கடைவாய்ப்பல் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. ஒழியட்டும்.

அண்ணன் வந்தான், தின்றான். தம்பி தைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தான்.

நடுவில் ஒருமுறை மெல்லும் சத்தம் நின்றது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினான். அவ்வளவுதான். இழுப்பறையைத் திறந்து எதையோ துழாவினான். பிறகு டப்பாவோடு எழுந்து வந்தான்.

"நீயும் கொஞ்சம் சாப்பிடுடா. எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருக்கிறது?"

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாமென்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அண்ணன் ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தான். கையைக் குனிந்து பார்க்கவும் பயம். அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

பல்லை அழுத்தாமல் நாக்கால் தேடினான். அகப்பட்டுவிட்டது. வழுவழுவென்று, துளைகளோடு. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். அப்பாடா!

உப்பும் மிளகும் நாக்கில் இறங்கின. அண்ணி கைப்பக்குவமே தனி. கூடப்பிறந்தவனுக்குப் போய்க் குழி பறித்தோமே என்று கண்கூடக் கலங்கியது. மிச்சத்தை நிம்மதியாக, அழுத்திக் கடித்தான்.

மண்டைக்குள் மின்னல் வெட்டியது.

அண்ணன் அதற்குள் தன் இடத்துக்குப் போய் மெஷினை மிதிக்கத் தொடங்கியிருந்தான்.

தம்பி கையில் துப்பினான். ரத்தத்தோடு அரைப் பல் வந்தது. வெள்ளைப் பொத்தான் வந்தது.

கூடவே, கோட்டின் கைமுனையில் வைத்துத் தைக்கும் கறுப்புப் பொத்தான் ஒன்றும்.