கூடவே வந்த சம்பந்தி

“நானும் உள்ள வரேன்லா. வெளிய தனியா உக்காந்து என்ன பண்ணப் போறேன்?”

சொல்லிக்கொண்டே சந்திரகலா முதல் ஆளாக நுழைந்து, டாக்டரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தும்விட்டாள். பின்னால் வந்த சீதாலெட்சுமி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகளின் கல்யாணப் புடவை எடுக்கத்தான் சம்பந்தியம்மா சந்திரகலா கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்தாள். கடைக்குப் போகிற வழியில் கிளினிக்குக்கும் ஒரு எட்டுப் போகணும் என்று வாயை விட்டது தப்பாகப் போயிற்று.

“சொல்லுங்கம்மா” என்றார் டாக்டரம்மா.

“மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் ஆச்சு டாக்டர். திடீர் திடீர்னு உடம்பு தீயா எரியுது. ஏர்கோன் போட்டாலும் வேர்த்து ஊத்துது. தூக்கமே கிடையாது. ஹார்மோன் மாத்திரை போட்டா நின்னுடுமாமே? அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம். மணவறையில விசிறியும் கையுமாவா நிக்கிறது?”

“நிக்கும். நல்லா தூங்குவீங்க. எலும்புக்கும் நல்லது. ஆனா வருஷக்கணக்கா சாப்பிட்டா மார்புல புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. சிலது அப்படி இல்லேங்குது. அதனால ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேன். உங்க அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்துச்சா?”

சீதாலெட்சுமி ஓரக்கண்ணால் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

அக்கா அதில்தான் போய்ச் சேர்ந்தாள். ஊருக்குச் சொன்னது மாரடைப்பு. குடும்பத்திலேயே ஓடுகிற நோய் என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால் பெண்ணை யார் கட்டுவார்கள்? சம்பந்தி வீட்டிலும் மாரடைப்பு என்றே சொல்லியிருந்தார்கள். அந்தச் சம்பந்தி இப்போது முழங்கை இடிக்கிற தூரத்தில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாருக்கும் இல்ல டாக்டர்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருந்திருந்தா நான் லேசுல கொடுக்க மாட்டேன்.”

சீதாலெட்சுமி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “இல்லவே இல்ல.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

“எழுதாதீங்க டாக்டர்!” சந்திரகலா மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். “கல்யாணம் மகளுக்கா, அம்மாவுக்கா? நாங்கல்லாம் வேர்க்காமலா இருந்தோம்? எங்க வீட்டுக் கல்யாணத்துல எத்தனை பேரு வேர்த்துக்கிட்டு நின்னாங்க! யாரு மாத்திரை போட்டா?”

“ஆன்டி, கொஞ்சம் சும்மா இருங்க. மாத்திரை இவங்களுக்குத்தான்” என்றார் டாக்டரம்மா.

“எப்படி சும்மா இருக்கிறது? மாப்பிள்ளைக்கு அம்மா நான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க வீட்டு மருமகதானே அழுதுகிட்டு நிப்பா? முதல்ல மார்பைப் படம் புடிச்சுப் பாருங்க. மாத்திரையெல்லாம் அப்புறம்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆன்டி சொல்றதும் நல்லதுதான். படம் எடுத்துப் பார்த்துட்டே ஆரம்பிப்போம். ஆனா இதுவரைக்கும் நீங்க சொன்னதை வச்சு, கொடுக்கிறதுல எனக்குத் தயக்கமில்ல.”

சீதாலெட்சுமிக்கு இந்தத் தடவை முகம் எரிந்தது வேறு காரணத்துக்காக. கதவைத் தாண்டி வெளியே வந்ததும் அவள் நடக்கவில்லை. நின்றுவிட்டாள்.

“ஏன் சம்பந்தியம்மா, டாக்டர் முன்னால இப்படி மானத்தை வாங்கிட்டீங்க? என் உடம்பு, நான் படுறேன். பொண்ணைக் கொடுத்தா பொண்ணோட அம்மாவையும் சேர்த்து ஆட்டி வைப்பீங்களா?”

குரல் உடைந்துவிட்டது. மருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்திரகலா பதிலுக்குக் கத்துவாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ சீதாலெட்சுமியின் கையைப் பிடித்து, ஆள் இல்லாத ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“திட்டுறதை அப்புறம் கடையில வச்சுத் திட்டுங்க. இப்ப திரும்ப உள்ள போங்க. நான் வரல, இங்கேயே நிக்கிறேன்.”

“இன்னும் உள்ள போய் என்ன சொல்றது?”

சந்திரகலா குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க அக்கா எதுல போனாங்கன்னு சொல்லுங்க. அவங்களும் எங்க கிள்ளான்லதானே இருந்தாங்க? பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”