ஆறாவது இன்னிங்ஸில் போன தோள்

"அக்கா, உங்க வலது தோள் போயிடுச்சு," என்று போனில் சொன்னான் அணியின் மேனேஜர் நிவாஸ்.

அந்தக் கையால்தான் ஜெசிந்தா கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே, தம்பி."

"ஆட்டத்துல போயிடுச்சுக்கா. ஆறாவது இன்னிங்ஸ்ல. இன்னியோட நீங்க அணியில இல்ல."

பேஸ்பால் லீக் இப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் நடக்கிறது. வீராங்கனைகள் கையில் பட்டை கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் போதும். அவர்கள் தூக்கம், மூச்சு, நரம்பு எல்லாவற்றையும் படித்து ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிவிடும். காற்றும் வெயிலும்கூட அதில் அச்சு அசலாக வரும். ஆட்டத்துக்குள் காயம்பட்டவரைத் திரும்பச் சேர்க்கத்தான் அதில் வழியில்லை.

"நேர்ல வந்து ஒரு பந்து போட்டுக் காட்டறேன்."

"எங்கக்கா போடுவீங்க? மைதானத்துல ஃபிளாட் கட்டியாச்சு. போன வருஷம் உங்க முட்டி வீங்கும்னு கம்ப்யூட்டர் முன்னாடியே சொல்லுச்சுல்ல?"

சொன்னது. வீங்கவும் செய்தது.

சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் கணவன் அருளப்பன் தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். ஜெசிந்தா பந்தை வீசினாள். உறை கிழிந்து பஞ்சு பறந்தது. அருளப்பன் தடுமாறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்று, சிரித்தான்.

"இதப் போயி காயம்ங்கறான்! இந்தா, இன்னொண்ணு போடு."

அவளும் சிரித்துக்கொண்டேதான் கையை ஓங்கினாள். தோளில் துளி வலி இல்லை. ஆனாலும் கை பாதியில் நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க," என்றபடி பந்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.